மருதையாற்று ரயில் விபத்தும் லால் பகதூர் சாஸ்திரியாரும்

கல்லறைத் திருநாளோடு தொடங்கும் நவம்பர் மாதத்தில் இறந்துபோன நம்மவர்களை நினைத்துக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கம். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் குடியிருக்கும் நாம் இம்மாதத்தில் நினைக்க வேண்டியவர்கள் வேறு சிலரும் உண்டு. 1956-ம் வருஷம் நவம்பர் 23-ம் தேதி, பொழுது விடியுமுன், ரயிலோடு மருதையாற்று வெள்ளத்தில் விழுந்து மாண்டவர்கள் அவர்கள். சென்னையிலிருந்து தென் ஜில்லாக்களுக்குப் போய்க்கொண்டிருந்த அவர்களுடைய பிரயாணம் நம் மண்ணில் முடிந்துபோயிற்று.

அந்த விபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒருவருடைய பெயரும் கூடவே வரும். அப்போது ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரியாரே அவர். விபத்துக்காகப் பதவியை விட்டவர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியாக நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். ரயிலை ஓட்டியவரும் அவரல்லர். அப்படியிருக்க, அவர் பதவி விலகியது எதற்காக? அதனால் யாருக்கு என்ன பயன்? இதற்கு விடை தேட, அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்ப்பது நல்லது.

தகப்பனில்லாப் பிள்ளை

காசி நகரத்துக்குப் பக்கத்தில் மொகல்சராய் என்று பெரிய ரயில்வே சந்திப்பு ஒன்று உண்டு. அந்த ஊரில் 1904-ம் வருஷம் அக்டோபர் 2-ம் தேதி லால் பகதூர் பிறந்தார். தகப்பனார் சாரதா பிரசாத் முதலில் பள்ளி ஆசிரியராயிருந்து, பிறகு அலகாபாத்தில் ரெவின்யூ இலாகாவில் குமாஸ்தாவானவர். குழந்தைக்கு ஒன்றரை வயது நடக்கும்போதே அவர் பிளேக் நோய்க்குப் பலியானார். தாயார் ராம்துலாரி தேவி சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். அங்கே ஆதரவாயிருந்த தாய்வழிப் பாட்டனாரும் இரண்டொரு வருஷத்தில் காலமாகிவிட்டார். அதன்பின் உறவினர் தயவிலேயே பையன் வளர்ந்தான்.

மேல்படிப்புக்காகக் காசியில் உறவினர் வீட்டில் தங்கி ஹரிச்சந்திரா பள்ளிக்கூடத்தில் படித்தார். ஓடக்கூலி கொடுக்கக் காசில்லாத ஒரு நாளில் கங்கையை நீந்தியே கடந்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், கையில் காசில்லாத பிள்ளை பிறரிடம் கடன்படக் கூசியது மட்டும் அவர் வாழ்நாள் முழுவதும் மாறவில்லை.

1921-ல் காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைப்பு விடுத்தபோது லால் பகதூருக்கு வயது 16. பரீட்சை நெருங்கியிருந்த சமயம். படித்து உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவான் என்று விதவைத் தாய் காத்திருந்தார். ஆயினும் பையன் பள்ளியை விட்டு வெளியேறினான். பிறகு தேசீயவாதிகள் நடத்திய காசி வித்யாபீடத்தில் சேர்ந்து 1925-ல் பட்டம் பெற்றார். அங்கே கொடுத்த பட்டத்தின் பெயர்தான் சாஸ்திரி. நம் பக்கத்தில் பலர் அதை ஜாதிப் பெயர் என்று எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில், குடும்பத்தில் வழங்கிவந்த ஜாதிப் பெயரை அவர் மாணவப் பருவத்திலேயே விட்டுவிட்டார்.

1928-ல் மிர்சாப்பூரைச் சேர்ந்த லலிதா தேவியை மணந்தார். மாப்பிள்ளை கேட்டு வாங்கிய சீர் ஓர் இராட்டையும் சில கெஜம் கதர்த் துணியுமே.

சிறையும் வீடும்

1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் தொடங்கி 1945 வரை அவர் பல தடவை சிறைக்குப் போனார். சேர்த்துக் கணக்கிட்டால் ஏழு வருஷத்துக்கு மேலாகும். அந்நாட்களில் வீட்டில் வறுமை கொஞ்சமல்ல. ஒரு சமயம் மகள் கடும் நோயாகக் கிடந்தாள். சிறை அதிகாரிகள் பதினைந்து நாள் விடுப்பில் அவரை வீட்டுக்கு அனுப்பினர். குழந்தையோ பிழைக்கவில்லை. அடக்கம் முதலியவற்றை முடித்தவுடன், விடுப்பில் இன்னும் நாட்கள் மீதமிருந்தும், அவர் தாமாகவே சிறைக்குத் திரும்பினார். மகளைப் பார்க்கக் கொடுத்த விடுப்பு, மகள் போனபின் தமக்குச் சேராது என்பது அவர் எண்ணம். இதனை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் அரியலூர் விபத்தின்போது அவர் நடந்துகொண்ட விதம் விளங்கும்.

மந்திரியாக

1947-ல் ஐக்கிய மாகாணத்தில் போலீஸ், போக்குவரத்து மந்திரியானார். பஸ்களில் பெண்களைக் கண்டக்டர்களாக நியமித்ததும், கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதில் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னதும் அந்நாளைய செய்திகள். 1952-ல் மத்திய சர்க்காரில் ரயில்வே, போக்குவரத்து மந்திரியாகப் பொறுப்பேற்றார். உருவத்தில் மிகக் குள்ளமானவர், குரலும் மெல்லியது, உடுப்பதோ கதர் வேஷ்டி. கூட்டத்தில் நின்றால் மந்திரி என்று யாருக்கும் தெரியாது.

அக்காலத்தில் ரயிலில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்றிருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மரப் பலகை, நெருக்கடி, வியர்வை இவையே அதன் அடையாளம். சாஸ்திரியார் காலத்தில் அந்த வகுப்புப் பெட்டிகளில் மின்விசிறி வரத் தொடங்கியது. பழைய உயர்ந்த முதல் வகுப்பு 1955-ல் எடுக்கப்பட்டது. சென்னைப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் அதே வருஷம் அக்டோபர் 2-ம் தேதி நேரு அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. ஆகவே அவர் இலாகாவைக் கவனியாத மந்திரியல்லர். ஏழைப் பிரயாணிக்காக உழைத்தவர்தான்.

இரண்டு பாலங்கள்

1956 செப்டம்பர் தொடக்கத்தில், அப்போதைய ஹைதராபாத் ராஜ்யத்தில் மகபூப்நகர் அருகே, மழை இரவில் பாலம் ஒன்று ரயிலோடு இடிந்து விழுந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டனர். சாஸ்திரியார் உடனே ராஜினாமாக் கொடுத்தார். நேரு ஏற்றுக்கொள்ளாமல் அவரைச் சமாதானப்படுத்தி நிறுத்திவைத்தார்.

மூன்று மாதங்கூட ஆகவில்லை. நம் மருதையாற்றின் முறை வந்தது.

இந்த ஆற்றை நாம் அறிவோம். பச்சைமலைப் பக்கத்தில் புறப்பட்டு, பெரம்பலூர்ச் சீமையையும் அரியலூர்ச் சீமையையும் கடந்து கொள்ளிடத்தில் போய்ச் சேர்கிறது. வருஷத்தில் பெரும் பகுதி மணலாய்க் கிடக்கும். ஆடு மாடு குறுக்கே நடந்து போகும். ஐப்பசி கார்த்திகையில் மலையில் கனமழை பிடித்துவிட்டால் சில மணி நேரத்தில் கரை புரளும். வற்றிக் கிடக்கும் நாளில் இதைக் கண்ட வெளியூரார் ஒருவரும் இதற்கு அஞ்சமாட்டார்.

1956 நவம்பர் 22-ம் தேதி இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. நூற்றுக்கணக்கான பிரயாணிகள். அந்நாளில் இது சிறிய அளவுப் பாதை. இழுத்தது நீராவி எஞ்சின். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் குறுக்குப் பாதையில் மழையினூடே வண்டி வந்தது. அரியலூரைக் கடந்து கல்லகம் நோக்கிச் செல்கையில், ஐந்தரை மணி சுமாருக்கு, இருள் பிரியாத நேரத்தில், மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. வெள்ளம் ஏற்கெனவே பாலத்தைப் பலவீனப்படுத்தியிருந்தது. வண்டியின் பாரம் ஏறியதும் பாலம் தாங்கவில்லை. எஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் விழுந்தன. அந்நேரத்தில் பிரயாணிகளில் அநேகர் உறக்கத்திலிருந்திருப்பர். 140 பேருக்கு மேல் இறந்தனர். நூறு பேருக்கு மேல் காயமடைந்தனர்.

பாலத்தை வெள்ளம் எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீர் மேலே மோதிப் பாலத்தைத் தள்ளிவிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியல்ல. ஓடும் வெள்ளம் தூணின் அடியிலும் கரைச் சுவரின் பின்னாலும் உள்ள மண்ணை அரித்துக்கொண்டே போகும். மேலே தண்டவாளம் மட்டும் நேராகவே கிடக்கும். எஞ்சின் விளக்கின் வெளிச்சத்தில் டிரைவருக்கு அந்தத் தண்டவாளம்தான் தெரியுமே தவிர, அதன்கீழ் மண் இருக்கிறதா என்பது தெரியாது. இருட்டும் மழையும் சேர்ந்தால் எத்தனை கைதேர்ந்த டிரைவரானாலும் செய்யக்கூடியது அதிகமில்லை. இதற்காகவே தூணில் அபாய மட்டம் குறித்துவைப்பதும், மழைக்காலத்தில் கேங்மேன்கள் லாந்தருடன் பாதையோரம் நடந்து காவல் செய்வதும், சந்தேகமானால் வண்டியை நிறுத்துவதும் முறையாக வைக்கப்பட்டிருக்கின்றன.

யார் தலையில் பழி

விபத்து நடந்தவுடன் நாடெங்கும் ஒரே கேள்வி: இதற்கு யார் காரணம்? தமிழ்நாட்டில் ஜனங்களின் கோபம் ரயில்வே உதவி மந்திரியாயிருந்த ஓ. வி. அழகேசன் அவர்கள்மேலும் பாய்ந்தது. அடுத்த வருஷத் தேர்தலில் எதிர்க்கட்சியார் அரியலூர் விபத்தை மேடைக்கு மேடை எடுத்துப் பேசினார்கள்.

இப்படிப்பட்ட சமயங்களில் பழி என்பது மேலேயிருந்து கீழே உருண்டு வருவது வழக்கம். மந்திரி அதிகாரியைக் காட்டுவார். அதிகாரி என்ஜினீயரைக் காட்டுவார். என்ஜினீயர் இன்ஸ்பெக்டரைக் காட்டுவார். முடிவில் கொட்டும் மழையில் லாந்தர் பிடித்து நடந்த கேங்மேன் தலையில் அது வந்து நிற்கும். இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் மழைமேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். மழையை யாரும் கேள்வி கேட்க முடியாதே!

சாஸ்திரியார் இவ்விரண்டில் எதையும் செய்யவில்லை. இலாகாவுக்குத் தலைவர் தாம் என்றால் இலாகாவில் நேர்ந்ததற்கும் தலைவர் தாமே என்று கருதி, இரண்டாம் முறையாக ராஜினாமாக் கொடுத்தார். இம்முறை அதை விரைவில் ஏற்கும்படியும் கேட்டுக்கொண்டார். பார்லிமெண்டு அங்கத்தினர் பலர் அவரை விடக்கூடாதென்று பிரதம மந்திரியிடம் வேண்டினர். நேரு அவரை மிகவும் மதித்தவர். சாஸ்திரியாரிடம் குற்றமில்லை என்று அவர் சபையில் தெளிவாகவே கூறினார். ஆயினும் பொறுப்பென்பதற்கு ஒரு முறைமை நாட்டில் ஏற்பட வேண்டும் என்பதற்காக ராஜினாமாவை ஏற்கச் சம்மதித்தார். டிசம்பர் மாதத்தில் சாஸ்திரியார் மந்திரிப் பதவியை விட்டு வெளியே வந்தார்.

இது சரியான காரியந்தானா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ராஜினாமாவினால் செத்தவர் ஒருவரும் எழுந்து வரவில்லை. இலாகாவை அறிந்த நல்ல மனிதர் போய்விட்டால், பாலங்களைச் செப்பனிடும் வேலையை யார் செய்வது? ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு மந்திரி போவதென்றால் வேலை எப்படி நடக்கும்? இவை தள்ளிவிடக்கூடிய கேள்விகளல்ல. உள்ளபடியே, அதற்குப் பின்னும் ரயில் விபத்துக்கள் நின்றுவிடவில்லை.

ஆனாலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிழைத்தவர்களுக்கும் இறந்தவர்களின் வீட்டாருக்கும் இரண்டு விஷயங்கள் வேண்டியிருந்தன. ஒன்று, காரணத்தைச் சரியாய்க் கண்டுபிடித்து மறுபடி நேராமல் காப்பது. இது என்ஜினீயர்கள் வேலை. ரயில் விபத்துக்களை விசாரிக்கும் அதிகாரிகள் ரயில்வே போர்டின் கைக்குள் இருக்கக்கூடாதென்று 1941-லேயே அவர்களைத் தனியே பிரித்திருந்தார்கள். மற்றொன்று, இந்தச் சாவுகள் யாருக்கோ வலித்தன என்று தெரிவது. தகப்பனையோ பிள்ளையையோ ஆற்றில் கொடுத்தவர்களுக்கு இதுவும் அவசியம். அதை ஓர் அறிக்கையினாலோ நஷ்டஈட்டுத் தொகையினாலோ காட்டிவிட முடியாது. அவ்வளவு உயர்ந்த இடத்திலிருப்பவர் தாமும் எதையாவது இழந்தால்தான் அது தெரியும். சாஸ்திரியாருக்குச் சொத்தில்லை, இருந்தது பதவி ஒன்றுதான். அதைக் கொடுத்தார்.

பிற்கால வாழ்வு

ஜனங்கள் அவரை மறக்கவில்லை. 1957-ல் அலகாபாத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு மறுபடி மந்திரியானார். 1961-ல் உள்நாட்டு மந்திரி. 1963-ல் காமராஜர் திட்டத்தின்படி மீண்டும் பதவியை விட்டார். 1964 மே 27-ல் நேரு காலமானபோது, காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜர் எல்லாரையும் கலந்து பேசி, சாஸ்திரியாரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். ஜூன் 9-ல் அவர் பிரதம மந்திரியானார்.

அவருடைய காலத்திலும் நம் தமிழ்நாட்டுக்குத் துயரம் வந்தது. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் ரயில் கடலலையில் சிக்கி, அதிலிருந்தவர்கள் எல்லாரும் மாண்டார்கள். மருதையாற்று நினைவு பலருக்கு அன்று திரும்பியிருக்கும்.

உண்மையை மறைக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1965 ஜனவரியில் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. துப்பாக்கிச் சூட்டிலும் தீக்குளிப்பிலும் பல உயிர்கள் போயின. அச்சமயம் சாஸ்திரியாரின் அரசாங்கம் நம்மவர் மனதை அறியச் சுணங்கியது. பிப்ரவரி 11-ல் மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியம் அவர்களும் ஓ. வி. அழகேசன் அவர்களும் ராஜினாமாக் கொடுத்தார்கள். எட்டு வருஷத்துக்குமுன் அரியலூர் விபத்தின்போது சாஸ்திரியாருக்கு உதவி மந்திரியாயிருந்த அதே அழகேசன் அவர்கள்தான்! அன்றிரவே சாஸ்திரியார் வானொலியில் பேசி, ஆங்கிலம் பற்றி நேரு கொடுத்த வாக்குறுதி காக்கப்படும் என்று உறுதி கூறினார். நல்லவர்களும் தாமதிப்பதுண்டு, தவறு தெரிந்தபின் திருந்துவதில்தான் வித்தியாசம்.

அவ்வருஷம் செப்டம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம் மூண்டது. உணவுப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. வாரத்தில் ஒருவேளை உணவை விடும்படி அவர் நாட்டைக் கேட்டபோது, முதலில் தம் வீட்டில் அதை நடத்திப் பார்த்த பிறகே கேட்டார். 1966 ஜனவரி 10-ல் ரஷ்யத் தலைவர்களின் முயற்சியால் தாஷ்கண்ட் நகரத்தில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அன்று நள்ளிரவுக்குப் பிறகு மாரடைப்பால் அங்கேயே இறந்தார். வயது 61. மாரடைப்பு என்பதில் ஐயம் கொண்டவர்களும் உண்டு. அவ்வருஷமே அவருக்குப் பாரத ரத்னா அளிக்கப்பட்டது.

பிரதம மந்திரியாயிருந்தபோது குடும்பத்துக்கென்று ஒரு பியட் கார் வாங்கியிருந்தார். விலை சுமார் 12,000 ரூபாய். கையிலிருந்தது போதாமல் 5,000 ரூபாய் பாங்கியில் கடன் வாங்கினார். கடன் தீருமுன் அவர் இறந்துவிட்டார். பாக்கியை லலிதா தேவியார் தம் பென்ஷனிலிருந்து கட்டித் தீர்த்தார்.

நமக்கு

இன்று மருதையாற்றின்மேல் இரட்டை அகலப் பாதையில் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இரவு வண்டியாக முத்துநகர் எக்ஸ்பிரஸ் போகிறது. அதில் உறங்கிக்கொண்டே நாம் அந்த ஆற்றைக் கடந்துவிடுகிறோம். 1999-ல் வங்காளத்தில் கைசால் விபத்துக்காக அப்போதைய ரயில்வே மந்திரி நிதீஷ் குமார் பதவி விலகினார். இத்தகைய ராஜினாமாக்கள் அபூர்வமாகவே நடக்கின்றன. அதனால்தான் சாஸ்திரியாரின் பெயர் இன்னும் அழியாதிருக்கிறது.

நம்மில் யாரும் ரயில்வே மந்திரியல்லர். எனினும் ஒவ்வொருவருடைய கைக்குள்ளும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வீட்டுத் தலைவர், பள்ளி ஆசிரியை, வயலில் ஆள் வைத்து வேலை வாங்குபவர், சங்கத்தின் பொருளாளர், லாரி முதலாளி என்று எத்தனையோ பேர். கணக்கில் குறை வந்தால் குமாஸ்தாவையும், வண்டி கவிழ்ந்தால் கிளீனரையும், பிள்ளை கெட்டால் மனைவியையும் முதலில் கைகாட்டுகிறோம். பழி கீழே உருளாமல் தம்மிடத்திலேயே அதை நிறுத்திக்கொண்ட ஒருவர், நம் ஊர் ஆற்றில் நடந்த விபத்துக்காக அப்படிச் செய்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

நவம்பர் 23-ம் தேதி வரும்போது, மருதையாற்றில் மாண்ட அந்தப் பிரயாணிகளை நம் இறந்தோரோடு சேர்த்து ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.